வலை வந்த வழி – 19: எரிச்சலூட்டினால் சிறை

2008 டிசம்பர் 22. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. அமளியில் இருந்த மக்களவையில், விவாதம் எதுவும் இல்லாமல், தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் தந்தது. சென்ற அத்தியாயத்தில் பார்த்தோமே, அப்போது இணையத்தில் இருந்த நம் இளைஞர்கள் பலர் ஆர்குட்டில் இருந்தார்கள். ட்விட்டர் என்ற பெயரே பலருக்குப் புதிது. அன்று நிறைவேறிய திருத்தங்களில் ஒன்று பேராசிரியர், வியாபாரி, கல்லூரி மாணவி, பள்ளிச் சிறுவன் என்று பலரையும் காவல் நிலையப் படியேற வைத்தது. அந்தப் பிரிவின் எண் 66ஏ.

பலர் நினைப்பதுபோல மும்பைத் தாக்குதலுக்குப் பதிலடியாக எழுதப்பட்ட மசோதா அல்ல இது. தயாநிதி மாறன் துறை அமைச்சராக இருந்த 2006 டிசம்பரிலேயே அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், 2007இல் அறிக்கையும் வந்துவிட்டது. நிறைவேறியபோது அமைச்சர் ஆ. இராசா. இரண்டு ஆண்டுகள் கையில் இருந்த மசோதாவை, நாடு அதிர்ந்து போயிருந்த ஒரு நாளில், எதிர்க்கட்சிகளும் கேள்வி கேட்காமல் அனுப்பி வைத்தன. 2009 அக்டோபர் 27 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. அவை முழுவதுமே தன் வேலையைச் செய்யத் தவறிய நாள் அது.

பிரிவின் வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கணினி வழியாகவோ வேறு தொடர்புச் சாதனம் வழியாகவோ 'மிகவும் மனம் புண்படுத்தும்' அல்லது 'மிரட்டும் தன்மையுள்ள' தகவலை அனுப்பினால் குற்றம். பொய் என்று தெரிந்தே எரிச்சல், அசௌகரியம், ஆபத்து, இடையூறு, அவமதிப்பு, காயம், மிரட்டல், பகை, வெறுப்பு, கெட்ட எண்ணம் ஆகியவற்றை உண்டாக்கும் நோக்கத்தோடு தொடர்ந்து அனுப்பினாலும் குற்றம். எரிச்சலூட்டவோ ஏமாற்றவோ மின்னஞ்சல் அனுப்பினாலும் குற்றம். தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். இந்தச் சொற்களில் எதற்கும் சட்டத்தில் விளக்கம் கிடையாது. ஆபத்தும் எரிச்சலும் ஒரே வரியில், ஒரே தண்டனையோடு உட்கார்ந்திருந்தன. கொலை மிரட்டல் விடுத்தவனும், மாமனாருக்குப் பிடிக்காத அரசியல் கருத்தை எழுதிய மருமகனும் இந்தப் பிரிவின் கண்ணுக்கு ஒன்றுதான்.

இந்த வாசகத்தின் பூர்வீகம் பிரிட்டன். 1935ஆம் ஆண்டின் அஞ்சல் துறைத் திருத்தச் சட்டத்தில், தொலைபேசியில் ஆபாசமாகவும் மிரட்டலாகவும் பேசுவதைத் தடுக்க வந்த சொற்கள் இவை. தொலைபேசி என்பது ஒருவர் இன்னொருவரை அழைத்துப் பேசுவது. அழைக்கப்பட்டவருக்குத் தப்பிக்க வழியில்லை, அதனால் அங்கே ஒரு பாதுகாப்பு தேவைப்பட்டது. சமூக வலைத்தளம் அப்படிப்பட்ட இடமல்ல. யாரோ ஒருவர் தன் பக்கத்தில் ஊருக்கே கேட்கும்படி அபிப்பிராயம் சொல்கிறார். பிடிக்காதவர் கடந்து போகலாம். ஒருவரின் காதுக்குள் சொல்லப்படும் வசவுக்கு எழுதிய விதியை, பொதுவெளியில் சொல்லப்படும் கருத்தின்மேல் அப்படியே தூக்கி வைத்ததில் பாதிக் கோளாறு இருக்கிறது.

மீதிக் கோளாறு நடைமுறையில் இருந்தது. பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய குற்றங்களை டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர்தான் விசாரிக்க முடியும். 2008 திருத்தம் அதை இன்ஸ்பெக்டர் நிலைக்கு இறக்கியது. ஒரு பதிவு 'மிகவும் மனம் புண்படுத்துகிறதா' என்பதை முதலில் முடிவு செய்பவர் உள்ளூர் இன்ஸ்பெக்டர். அவருக்கு மேலே உள்ளூர் எம்.எல்.ஏ.வின் தொலைபேசி. இந்த இரண்டும் சேரும்போது என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டு அது நடந்தது, ஒன்றன்பின் ஒன்றாக.

ஏப்ரலில் கொல்கத்தா. ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பினார். தினேஷ் திரிவேதியை ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து இறக்கிவிட்டு முகுல் ராயை உட்காரவைத்த முதல்வர் மம்தா பானர்ஜியைப் பற்றிய சித்திரம் அது. சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படத்தில் வரும் சிறுவன் பெயரும் முகுல். வங்காளிகள் எல்லோருக்கும் மனப்பாடமான அந்தப் படத்து உரையாடலை வைத்து யாரோ செய்திருந்த நகைச்சுவை. ஒரு கும்பல் பேராசிரியரை அடித்தது. அடிவாங்கியவரையே காவல்துறை கைது செய்தது. அந்த வழக்கிலிருந்து அவரை அலிப்பூர் நீதிமன்றம் விடுவித்தது 2023 ஜனவரியில். கிட்டத்தட்ட பதினோரு ஆண்டுகள் ஒரு மனிதர் ஒரு மின்னஞ்சலுக்காக நீதிமன்றத்துக்கு அலைந்திருக்கிறார்.

செப்டம்பரில் மும்பையில் கேலிச்சித்திரக்காரர் அசீம் திரிவேதி கைதானார். அவர்மேல் தேசத்துரோகப் பிரிவும் சேர்த்தே போடப்பட்டது.

அக்டோபரில் நம் பக்கம் வந்தது. புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் செய்பவர், அப்போதைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்து பற்றிக் குற்றம்சாட்டி ஒரு ட்வீட் போட்டார். ட்விட்டரில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். கார்த்தி சிதம்பரம் புதுச்சேரி ஐ.ஜி.க்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினார். அக்டோபர் 30 அதிகாலை போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டியது. சொன்னது பொய் என்றால் அவதூறு வழக்குப் போட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எப்போதுமே இடம் இருந்தது. ஆனால் அவதூறு வழக்கில் புகார்தாரர் தானே நீதிமன்றம் போக வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். 66ஏ இருந்ததால் ஒரு மின்னஞ்சல் போதுமானதாகிவிட்டது. வசதி உள்ளவர்களுக்கு இந்தப் பிரிவு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. கைதுச் செய்தி பரவியதும் அந்தப் புதுச்சேரிக்காரரைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். பதினாறு பேர் படித்த ட்வீட்டை நாடே படித்தது.

அதே அக்டோபரில் சென்னையில் நடந்தது வேறு மாதிரியான வழக்கு. அதையும் சொல்லாவிட்டால் இந்த வரலாறு ஒருபக்கச் சார்பாகிவிடும். பாடகி சின்மயி, ட்விட்டரில் தன்னைப் பற்றி ஆபாசமாக எழுதித் தொல்லை தருகிறார்கள் என்று சென்னை மாநகர காவல்துறையில் புகார் கொடுத்தார். 66ஏ-யோடு பெண்கள் மீதான கொடுமைத் தடைச் சட்டமும் சேர்த்துக் கைதுகள் நடந்தன. அப்போது தமிழ் இணையம் இரண்டாகப் பிளந்து சண்டையிட்டது. கருத்துரிமை பறிபோகிறது என்றார்கள் சிலர். இணையத்தில் எழுதும் பெண் தினமும் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். பாலியல் வசவைக் கருத்துரிமை என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்ணைத் துன்புறுத்துவதைத் தண்டிக்க, துன்புறுத்தல் என்று பெயர் சொல்லியே வரையறுத்த சட்டங்கள் தேவை. கொல்கத்தா கேலிச்சித்திரத்தையும் சென்னைப் புகாரையும் ஒரே பிரிவில் போட்டது, இரண்டாவது புகாரின் கனத்தையும் குறைத்துவிட்டது. 66ஏ போனால் பெண்களுக்குப் பாதுகாப்பு போய்விடும் என்று பின்னாளில் சொல்லப்பட்ட வாதம் இந்த இடத்திலிருந்து பிறந்தது.

நவம்பர் 17ஆம் தேதி பால் தாக்கரே மறைந்தார். மறுநாள் மும்பை முழுக்கக் கடைகள் அடைப்பு. அப்போது தாணே மாவட்டத்தில் இருந்த பால்கர் என்ற ஊரைச் சேர்ந்த 21 வயதுப் பெண், நகரம் அடைந்து கிடப்பது பயத்தால்தானே தவிர மரியாதையால் அல்ல என்ற பொருளில் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். ஒரு கும்பல் அந்தப் பெண்ணின் மாமாவுடைய மருத்துவமனையை அடித்து நொறுக்கியது. எழுதியவர், லைக் போட்டவர் இருவரையும் காவல்துறை கைது செய்தது. தலா 15,000 ரூபாய் பிணையில் விடுவித்தார்கள். லைக் போட்டதற்குக் கைது என்பதைக் கேட்டு நாடு திடுக்கிட்டது. பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு மகாராஷ்டிர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். காவல் அதிகாரிகள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பின்னர் அந்த வழக்கு கைவிடப்பட்டது.

டெல்லியில் ஷ்ரேயா சிங்கால் என்ற 21 வயது இளம்பெண், பிரிட்டனில் வானியற்பியல் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். குடும்பத்தில் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். பாட்டி டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். பால்கர் செய்தியைப் படித்தவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். நவம்பர் 29 அன்று மனு தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர் முன் வந்தபோது, இந்தப் பிரிவை எதிர்த்து இதுவரை எவரும் வரவில்லையே என்று அவர் வியந்தார். அடுத்தடுத்து வேறு மனுக்களும் சேர்ந்தன. மக்கள் உரிமை அமைப்பான பி.யூ.சி.எல். வந்தது. பொதுநல அமைப்பான காமன் காஸ் வந்தது. வாடிக்கையாளர்கள் பொருட்களைப் பற்றி விமர்சனம் எழுதும் மவுத்ஷட் என்ற தளமும் வந்தது. விமர்சனங்களை நீக்கச் சொல்லி வந்த மிரட்டல்களால் சலித்துப்போன தளம் அது.

மத்திய அரசு 2013 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: மாவட்டங்களில் துணை ஆணையர் அல்லது எஸ்.பி., பெருநகரங்களில் ஐ.ஜி. அனுமதி இல்லாமல் இந்தப் பிரிவில் கைது கூடாது. பிரிவில் கோளாறு இல்லை, கீழ்நிலை அதிகாரிகளின் கையாளுகையில்தான் கோளாறு என்று அரசு நினைத்தது. அனுமதிக்கிற அதிகாரி மாறினாரே ஒழிய, எது குற்றம் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. 2015 மார்ச்சில், தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன்புகூட, உத்தரப் பிரதேச அமைச்சர் ஆசம் கானின் பெயரில் ஃபேஸ்புக்கில் ஏதோ பகிர்ந்ததற்காக பரேலியில் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவனைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

இதற்கிடையே ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்தக் கைதுகளைக் கண்டித்த பாரதிய ஜனதா ஆளுங்கட்சியானதும், அதன் அரசு நீதிமன்றத்தில் பிரிவை ஆதரித்தே வாதாடியது. கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா, இந்த அரசு பிரிவை நியாயமாகப் பயன்படுத்தும் என்று உறுதி கூறினார். அரசுகள் வரும், போகும், சட்டம் இருந்துகொண்டே இருக்கும். உறுதிமொழியால் ஒரு செல்லாத சட்டத்தைக் காப்பாற்ற முடியாது என்று அமர்வு அதைத் தள்ளியது.

நீதிபதிகள் ஜெ. செலமேஸ்வரும் ஆர்.எஃப். நாரிமனும் அடங்கிய அமர்வு 2015 மார்ச் 24 அன்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நாரிமன். தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் இரண்டு பிரிட்டிஷ் வழக்குகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இடம். முதல் வழக்கில் ஒருவர் தன் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் இனவெறிச் சொற்களோடு பேசியிருந்தார். கீழ் நீதிமன்றங்கள் இது 'மிகவும் மனம் புண்படுத்துவது' அல்ல என்றன. பிரபுக்கள் அவை குற்றம்தான் என்றது. இரண்டாவதில் ஓர் இளைஞர், பனியால் விமான நிலையம் மூடப்பட்ட எரிச்சலில், அதை வெடிவைத்துத் தகர்த்துவிடுவேன் என்று ட்விட்டரில் எழுதினார். கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. உயர் நீதிமன்றம் விடுவித்தது. வாழ்நாள் முழுக்கச் சட்டம் படித்த நீதிபதிகளே ஒரே சொல்லை வைத்து நேர்மாறான முடிவுக்கு வருகிறார்கள் என்றால், அந்தச் சொல்லைக் காவல் நிலையத்தில் இருப்பவர் எப்படி அளப்பார், எழுதுகிற சாமானியர் எப்படி அளந்து எழுதுவார் என்பதுதான் நாரிமனின் கேள்வி.

அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் கூறு பேச்சுரிமைக்கு எட்டுக் காரணங்களால் மட்டுமே வரம்பு கட்ட அனுமதிக்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று அந்தப் பட்டியல் போகிறது. எரிச்சலும் அசௌகரியமும் அதில் கிடையாது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றை வலியுறுத்துவது, வன்முறைக்குத் தூண்டிவிடுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு. தூண்டிவிடும் கட்டத்தை எட்டினால்தான் அரசு கைவைக்கலாம் என்று தீர்ப்பு பிரித்துக் காட்டியது. 66ஏ முழுவதுமாகச் செல்லாது என்று அறிவித்தது.

இந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்ற பழைய தீர்ப்புகளில் இரண்டு நம் மண்ணிலிருந்து போனவை. 1950இல் 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழைய சென்னை அரசு தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு தடையை நீக்கியது. பேச்சுரிமை பற்றி இந்தக் குடியரசில் எழுதப்பட்ட முதல் பெரிய தீர்ப்புகளில் அது ஒன்று. இன்னொன்று 1989இல் வந்த 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கு. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்த படம் அது. அதன் கருத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. கலவரம் செய்வேன் என்று மிரட்டுகிறவனுக்குப் பயந்து பேசுகிறவன் வாயை அடைக்க முடியாது, அவனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொல்கத்தாவில் அடிவாங்கிய பேராசிரியரையும் பால்கரில் கைதான பெண்களையும் நினைத்துக்கொண்டு அந்தப் பழைய தீர்ப்பைப் படித்தால், நாரிமன் ஏன் அதைத் தேடிப் போனார் என்பது விளங்கும்.

அதே தீர்ப்பு இன்னொரு காரியமும் செய்தது; அது அதிகம் பேசப்படவில்லை. யாராவது ஒருவர் புகார் அனுப்பினால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2011 விதிகள் இணையதளங்களை நெருக்கின. எந்தத் தளம் வழக்குச் செலவை ஏற்கும்? புகார் வந்ததும் தூக்கிவிடுவதுதான் எளிது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் நீக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவுக்கு அமர்வு விளக்கம் தந்தது. ஓட்டல் சரியில்லை, பில்டர் ஏமாற்றினார் என்று எழுதிய ஆயிரக்கணக்கான சாதாரணப் பதிவுகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2018இல் வழக்கறிஞர்கள் அபினவ் சேக்ரியும் அபர் குப்தாவும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். செத்துப்போன 66ஏ-யில் காவல் நிலையங்கள் இன்னும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன, கீழ் நீதிமன்றங்கள் விசாரித்துக்கொண்டிருக்கின்றன என்று ஆதாரத்தோடு காட்டினார்கள். பி.யூ.சி.எல். மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் தலைமைச் செயலாளர்களுக்கும் டி.ஜி.பி.களுக்கும் அனுப்பும்படி 2019 பிப்ரவரியில் உத்தரவானது. 2021 ஜூலை 5 அன்று, மறுபடி நாரிமன் முன்னிலையில், பதினொரு மாநிலங்களின் கணக்கு வந்தது. தீர்ப்பு வந்தபோது நிலுவையில் இருந்தவை 229 வழக்குகள். தீர்ப்புக்குப் பின் புதிதாகப் பதிவானவை 1,307. நீதிமன்றம் அதிர்ச்சியை மறைக்கவில்லை.

எப்படி இது நடந்தது? அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் அன்று தந்த விளக்கம் மிகச் சாதாரணமானது, அதனாலேயே கவலைக்குரியது. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் 66ஏ முழு வாசகத்தோடு அப்படியே இருக்கிறது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இது செல்லாது என்ற அடிக்குறிப்பு. எழுத்தர் பழைய எஃப்.ஐ.ஆரைப் பார்த்துப் புதிய எஃப்.ஐ.ஆர். எழுதுகிறார். மேலே கேட்பவர் இல்லை. ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது மாஜிஸ்திரேட் முன் கட்டுக்கட்டாகக் கோப்புகள். உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொன்னால் அது ஊர்க் காவல் நிலையத்தின் மேசைவரை போய்ச் சேர நம் அமைப்பில் ஒழுங்கான வழி ஒன்று கிடையாது என்பதை இந்த ஆறு ஆண்டுகள் காட்டின. இதன் பாரம் விழுந்தது வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள்மேல். விவரம் தெரிந்த வழக்கறிஞர் இருந்தால் முதல் நாளே பிரிவு செல்லாது என்று சொல்லியிருப்பார்.

66ஏ-யைப் போட முடியாத இடத்தில் வேறு பிரிவுகள் வந்தன. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதைப் பற்றி முதல்வரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் சாடி கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்து ஃபேஸ்புக்கில் போட்டார். நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் அவர் வீட்டுக்கே வந்து கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். இம்முறை அவதூறுப் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஆபாசத்துக்கான 67ஆம் பிரிவும். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. குழந்தைகள் எரிந்து போன கொடுமைக்கு எதிரான ஒரு சித்திரத்தில் ஆபாசத்தைத் தேடிக் கண்டுபிடித்த அந்த வழக்கை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

கேரளத்திலும் பார்த்தோம். 66ஏ-யைப் போன்ற வாசகம் கொண்ட கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவையும் 2015 தீர்ப்பு சேர்த்தே நீக்கியிருந்தது. 66ஏ-யைத் திருத்தக் கோரி 2012இல் மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அதே மாநிலத்தின் மார்க்சிஸ்ட் உறுப்பினர் பி. ராஜீவ். அந்தக் கட்சி தலைமையிலான அரசு 2020 நவம்பரில் 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பெண்களுக்கு எதிரான இணையத் தாக்குதலைத் தடுக்க என்பது காரணம்; வாசகத்திலோ பழைய வரம்பின்மை. நாடு முழுவதும், சொந்தக் கட்சிக்குள்ளும், எதிர்ப்பு எழுந்தது. இரண்டே நாளில் முதல்வர் பினராயி விஜயன் அதை நடைமுறைப்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தார். பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. பிழையை உணர்ந்து பின்வாங்கியதற்காக அந்த அரசைப் பாராட்ட வேண்டும். இந்த வரலாற்றில் தானாகப் பின்வாங்கிய அரசு வேறு இல்லை.

கடைசியாக 2022 அக்டோபர் 12. தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு, இனி எந்தக் குடிமகன் மேலும் 66ஏ-யில் வழக்கு நடத்தக் கூடாது, நிலுவையில் உள்ள வழக்குகளில் அந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும், புதிதாகப் பதிவு செய்யக் கூடாது என்று மாநில டி.ஜி.பி.களுக்கும் உள்துறைச் செயலாளர்களுக்கும் உத்தரவிட்டது. அதே உத்தரவில் பதிப்பாளர்களுக்கும் ஒரு வரி இருந்தது: அரசோ தனியாரோ, 66ஏ-யை அச்சிடுகிற எவரும் அது செல்லாது என்பதைப் படிப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும்.

2015 தீர்ப்பு 66ஏ-யை நீக்கியபோது, அதன் பக்கத்திலேயே இருந்த 69ஏ-யைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. தளங்களையும் கணக்குகளையும் முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. முடக்க உத்தரவுகள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பது 2009 விதி. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை ஒரே நாளில் நிறுத்திய அந்தப் பிரிவின் கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)